குன்றக்குடிக்குப் போன டீசல் கார்

காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டிய பொன்னழகை ஊரில் பலருக்கும் தெரியும். ஆனால் அவரோடு பேசிப் பழகியவன் என்று யாரும் மார்தட்ட முடியாது. கார்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்குச் சைக்கிள் கடை. காலையில் பூட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்தான். மற்ற டிரைவர்கள் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள், ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்து வம்பு வளர்ப்பார்கள். இவர் மட்டும் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டு நிற்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று அவர் காதுபடவே கேட்பார்கள். அதற்கும் ஒரு சிரிப்புத்தான்.

கானாடுகாத்தான் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே ஒரு செட்டியார் வீட்டில் கார் கழுவப் போய், அங்கேயே ஓட்டக் கற்று, அந்த வீட்டுக்கே டிரைவரானவர். அந்தக் குடும்பம் மதராசோடு போய்விட்டபோது பழைய அம்பாசிடரை இவருக்கே தவணையில் கொடுத்துவிட்டுப் போனது. அப்படித்தான் இவர் வாடகைக் கார்க்காரர் ஆனார். மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. பிள்ளை இல்லை. செக்காலையில் ஒற்றை அறை, ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இரண்டாம் கல்யாணம் பற்றிப் பேச வந்த தம்பியிடம், பார்க்கலாம் பார்க்கலாம் என்றே பத்து வருஷம் ஓட்டினார்.

அவர் வாய் திறக்கும் இடம் ஒன்று உண்டு என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கோவிலூர் தாண்டி குன்றக்குடி போகும் சாலைதான் அது. மாதம் ஒருமுறை, கார்த்திகை நட்சத்திரத்தன்று.

கோட்டையூரில் கண்ணம்மை ஆச்சி என்று ஒரு அம்மாள் இருந்தார். கணவர் மலாயாவில் கொடுக்கல் வாங்கல் செய்யப் போய் அங்கேயே இறந்தவர். அவர்களுக்கும் குழந்தை இல்லை. வம்சம் நிற்க வேண்டுமே என்று பங்காளி வீட்டிலிருந்து தண்டாயுதபாணி என்ற பையனைப் பிள்ளை கூட்டியிருந்தார்கள். சுவீகாரம் வந்த அந்தப் பிள்ளையும் வளர்ந்து, கல்யாணமாகி, மதராசில் கம்பெனி வேலையில் இருந்தான். இரண்டு தெருவுக்கு நீளும் வீட்டில் ஆச்சி மட்டும். காலையில் கதவுகளைத் திறப்பதும் மாலையில் சாத்துவதுமே ஒரு வேலை. கூடமாட ஒத்தாசைக்கு முத்தழகு என்ற பெண் வந்துபோவாள்.

கார்த்திகைதோறும் குன்றக்குடி மலை ஏறி முருகனைக் கும்பிட வேண்டும் என்பது ஆச்சியின் வேண்டுதல். என்ன வேண்டுதல் என்று எனக்குத் தெரியாது, முருகனுக்குத் தெரிந்திருக்கும். அறுபத்தொன்பதிலிருந்து அந்தச் சவாரி பொன்னழகுக்கு.

அதில் ஒரு முறை இருந்தது. யாரும் வகுத்ததல்ல, தானாக வந்தது. கார் நிற்கும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் தாலியறுத்த பெண், இவர் வேற்றுச் சாதி ஆண்பிள்ளை. தெருவில் நாலு கண் இருக்கும். வீட்டு வாசலில் சொல்ல வேண்டியதெல்லாம் முத்தழகு மூலம்தான் வரும். ஆச்சி வெயில் தாழப் போகலாம் என்றார்கள், ஆச்சி தேங்காய் வாங்கக் கடையில் நிறுத்தச் சொன்னார்கள், இப்படி. கார் ஓடத் தொடங்கி, ஊர் முடிந்து, கோவிலூர் பின்னால் போனதும் ஆச்சி பின் சீட்டிலிருந்து மெல்லப் பேச ஆரம்பிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முத்தழகோ வண்டி ஏறினால் தூங்கிவிடுகிற ஜாதி. தலை கண்ணாடியில் இடிக்க இடிக்கத் தூங்குவாள். பொன்னழகு சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே ஓட்டுவார். மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் அவருக்கு ஆச்சியின் முகம் தெரியும், ஆச்சிக்கு இவர் கண்கள் தெரியும். குன்றக்குடி வந்து கார் நின்றால் பேச்சு பாதி வாக்கியத்திலேயே நிற்கும். சாமி கும்பிட்டுத் திரும்பும்போது "அப்புறம்" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பெரிய விஷயங்கள் ஒன்றும் இல்லை. ஒருத்திக்காக உலை வைத்தால் சோறு குழைந்துவிடுகிறது, இரண்டாங்கட்டில் ஓடு விலகி மழை ஒழுகுகிறது, தண்டாயுதபாணி தீபாவளிக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. இப்படித்தான். பொன்னழகும் பேசினார். மனைவி கடைசி நாளில் கஞ்சி வேண்டாம், பக்கத்தில் உட்கார் என்று சொன்னதையும், தான் சவாரி இருக்கிறதென்று கிளம்பிப் போனதையும் அந்தக் காரில் வைத்துத்தான் வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னார். ஆச்சி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லையாம். கொஞ்ச தூரம் போன பிறகு, தன் வீட்டுக்காரர் கப்பல் ஏறிய அன்று ஒரு சின்னக் கோபத்தில் தான் வாசலுக்கு வராமல் இருந்துவிட்டதைச் சொன்னாராம். அதைவிடப் பெரிய ஆறுதல் என்ன இருக்கிறது?

ஒருநாள் கோயில் வரி பற்றிப் பேச்சு வந்தது. செட்டியார்களில் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. ஜோடியில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப்புள்ளி.

"நான் இப்ப அரைப்புள்ளி, பொன்னழகு" என்றார் ஆச்சி.

"எங்கள்ல அப்பிடிக் கணக்கு இல்ல ஆச்சி. இருந்தா நானும் அரைதான்."

ஆச்சி சிரித்தார். சிரித்தவர் எதையோ நினைத்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிட்டார். பொன்னழகும் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார். ஆனால் அடுத்த கார்த்திகை எப்போது வரும் என்று அவர் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். என் கடையில் தொங்கிய நாட்காட்டியைத்தான் பார்ப்பார். முருக பக்தி முற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு மடையன்.

எழுபத்து மூன்றில் அரபு நாட்டுப் பக்கம் சண்டை வந்து எண்ணெய் விலை எகிறியது. அதன் தலையில் டில்லிக்காரர்கள் வரியையும் தூக்கி வைத்தார்கள். பெட்ரோல் போடுகிறவன் கார் வைத்திருக்கிறவன், கார் வைத்திருக்கிறவன் பணக்காரன் என்பது அவர்கள் கணக்கு. டீசல் மேல் மட்டும் கை வைக்கவில்லை. லாரியும் பஸ்ஸும் ஓடினால்தான் அரிசி பருப்பு வந்து சேரும், ஆயில் எஞ்சின் ஓடினால்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று அதற்குச் சலுகை. நியாயம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பொன்னழகு மாதிரி ஒரு ஆள், பெட்ரோல் கார் ஓட்டுகிற ஏழை, அவர்கள் கணக்கில் எங்கேயும் இல்லை.

வாடகையைக் கூட்டாமல் ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. ஆச்சிக்கோ மதராசிலிருந்து மகன் அனுப்பும் பணம்தான். எதற்கு எவ்வளவு என்று அவன் கேள்வி கேட்கிறவன். பொன்னழகு வாயைத் திறப்பதற்கு முன்பே முத்தழகு வந்து சொல்லிவிட்டாள், ஆச்சி இனிமேல் பஸ்ஸிலேயே போய்க்கொள்வார்களாம் என்று.

அடுத்த கார்த்திகையன்றும் அவர் காரைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த கார்த்திகையன்று பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சவாரியை இறக்கிவிடப் போனவர், குன்றக்குடி பஸ்ஸில் ஏற முண்டியடிக்கும் கூட்டத்தில் ஆச்சியைப் பார்த்தார். வெள்ளைச் சேலை கசங்கி, தேங்காய்ப் பழக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் மேலும் படாமல் நிற்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவரை ஏய் பெரியம்மா, தள்ளு என்று அதட்டினான். பொன்னழகு அங்கேயே இறங்கிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கார் நின்றுகொண்டிருந்ததல்லவா?

அன்றைக்கே லாரி மெக்கானிக் ஆசைத்தம்பியிடம் போனார். காருக்கு டீசல் எஞ்சின் மாட்ட முடியுமா என்று கேட்டார். அந்த நாளில் எங்கள் பக்கம் அப்படி ஒருவரும் செய்ததில்லை. கோயம்புத்தூரில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்த ஆசைத்தம்பி, அங்கே உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் எஞ்சினைத் தேடிக் கொண்டுவந்தான். சொந்த ஊரில் இருந்த பங்கு நிலத்தைத் தம்பிக்கே விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பொன்னழகு அந்தச் செலவைச் சமாளித்தார். நிலம் போனதோடு ஊருக்குப் போகிற வேலையும் போயிற்று. அந்த எஞ்சின் அம்பாசிடரில் உட்கார மறுத்தது. வெட்டி, ஒட்டி, பற்றவைத்து ஒருவழியாக உட்கார வைத்தார்கள். போக்குவரத்து அதிகாரி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டிப் புத்தகத்தில் பெட்ரோலை அடித்து டீசல் என்று எழுதிக் கொடுக்கவே நாலு நடை ஆயிற்று.

"சத்தம் வரும்ணே. டீசல்னா அப்பிடித்தான். நடுக்கமும் இருக்கும்" என்று ஆசைத்தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

"வந்தா வரட்டும்டா. ஓடுனாப் போதும்" என்றார் பொன்னழகு.

ஓடியது. பழைய வாடகையைவிடக் குறைத்தே கேட்கலாம் என்ற அளவுக்கு ஓடியது. கோட்டையூருக்குச் சேதி போயிற்று. எழுபத்து நாலு சித்திரைக் கார்த்திகைக்கு ஆச்சி மறுபடியும் அந்தக் காரில் ஏறினார். அன்று காலை பொன்னழகு என் கடைக்கு வந்து, கேட்காமலே, இன்றைக்குச் சவாரி இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து தானாக ஒரு சேதி வந்ததே என்று நான் காற்றடிப்பதை நிறுத்திவிட்டேன்.

கோவிலூர் தாண்டியது. கண்ணாடியில் ஆச்சியின் உதடு அசைந்தது. பொன்னழகுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எஞ்சின் போட்ட சத்தத்தில் கதவுகள் தடதடத்தன, மேலே இருந்த சின்னக் கண்ணாடி நடுங்கியது, அதில் ஆச்சி முகமும் நடுங்கியது. எந்நேரமும் தூங்குகிற முத்தழகு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆச்சி ஏதோ சொல்லி முடித்துவிட்டு இவர் கண்களைப் பார்த்தார். பொன்னழகு, "ஆமா ஆச்சி" என்றார். குன்றக்குடியில் இறங்கும்போது ஆச்சி வழக்கத்தை மீறி, கார் நின்ற பிறகு, சத்தம் கொஞ்சம் சாஸ்தி போல இருக்கிறதே என்று கேட்டார். புது எஞ்சின், இரண்டு மாதத்தில் அடங்கிவிடும் என்றார் இவர். டீசல் எஞ்சின் அடங்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பானெட்டுக்கு அடியில் சாக்கு வைத்துப் பார்த்தார். காலடியில் தேங்காய் நார் திணித்துப் பார்த்தார். கம்பளித் துண்டு, பழைய மெத்தைப் பஞ்சு, எல்லாம் ஆயிற்று. கார் கொதித்ததுதான் மிச்சம். கடைசியில் கண்ணால் கேட்கக் கற்றுக்கொண்டார். ஆச்சி சிரித்தால் இவரும் சிரிப்பார். புருவம் உயர்ந்தால் ஏதோ கேள்வி என்று வைத்துக்கொண்டு "ஆமா ஆச்சி" என்பார், இல்லாவிட்டால் "ஆகட்டும் ஆச்சி" என்பார். முகம் வாடினால் தலையை ஆட்டுவார். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் முன்போலத்தான். ஆனால் மாதம் முழுக்க ஒருவரோடும் பேசாத மனுஷனுக்கு இருந்த ஒரு பேச்சும் போய்விட்டது. கண்ணெதிரே கண்ணாடியில் ஆச்சி பேசிக்கொண்டிருக்க, இவர் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அது அறையில் தனியாகக் கிடப்பதைவிடக் கொடுமையாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

கேட்கவில்லை ஆச்சி, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று சொன்னால் நாக்கா தேய்ந்துவிடும்? நானும் அதைத்தான் கேட்டேன். முதல் நாளே சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம். "ஆமா" போட்டுப் போட்டு ஆறு மாதம் ஆன பிறகு, இத்தனை நாளும் ஒன்றுமே காதில் விழவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது என்றார். சொன்னால் இந்த இரைச்சலுக்குப் பஸ்ஸே தேவலை என்று ஆச்சி போய்விடுவார் என்றும் ஒரு பயம். பேச்சுப் போனாலும் ஆளாவது கண்ணாடியில் தெரியட்டும் என்று இருந்துவிட்டார்.

எழுபத்தைந்து ஆடிக் கார்த்திகை. மலையில் காவடிக் கூட்டம் என்பதால் சீக்கிரமே கிளம்பியிருந்தார்கள். கோவிலூர் தாண்டி வெகுதூரம் வரை ஆச்சி பேசவில்லை. பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். முன் சீட்டின் முதுகில் கையை வைத்துச் சற்று முன்னால் சாய்ந்து பேசினார். நீளமாகப் பேசினார். முடித்துவிட்டுக் கண்ணாடியில் இவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் உயர்ந்திருந்தது.

"ஆகட்டும் ஆச்சி" என்றார் பொன்னழகு.

ஆச்சி கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்துகொண்டார். அதற்குப் பிறகு குன்றக்குடி வரைக்கும் பேசவில்லை, திரும்பும்போதும் பேசவில்லை.

அடுத்த கார்த்திகைக்குச் சேதி வரவில்லை. தானாகவே கோட்டையூருக்குப் போனார். வாசல் கதவில் பெரிய பூட்டு. தெருவில் விசாரித்து முத்தழகு வீட்டைக் கண்டுபிடித்தார். அவள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மகன் தண்டாயுதபாணி வந்து ஆச்சியை மதராசுக்கே கூட்டிப் போய்விட்டான், வீட்டை இனிப் பூட்டியே போடுவதாகப் பேச்சு என்றாள். சொல்லிவிட்டு இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"ஏன், ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? கார்ல வச்சுக் கேட்டாகளே. மகன் வந்து கூப்புடுறான், போகவா, இல்ல இங்குட்டே கெடக்கவா, நீ என்ன சொல்ற பொன்னழகுன்னு. நான் பக்கத்துலதான இருந்தேன். நீங்கதான ஆகட்டும்னீக?"

பொன்னழகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முத்தழகு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது அதற்கப்புறம் ஒரு மத்தியானத்தில். மழை பிடித்துக்கொண்டு கடைக்குள் ஒதுங்கியவர், நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். எனக்குக் கோபம் வந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்களே, மதராசுக்கு ரயில் இல்லையா, போய் விஷயத்தைச் சொல்லுங்கள் என்றேன். போய் அந்த மகன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு என்னவென்று சொல்வது என்று கேட்டார்.

ஊர் அவரைப் பிழைக்கத் தெரிந்தவர் என்றது. பெட்ரோல் விலை இறங்கவே இல்லை. அவரைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் ஆசைத்தம்பியிடம் கியூவில் நின்று டீசலுக்கு மாறினார்கள். முதலில் வழி காட்டியவர் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துக்கொண்டு சும்மா நிற்பார். முன்பு கண்ணாடியையாவது துடைப்பார், அதையும் விட்டுவிட்டார்.

எழுபத்தேழு தையில் பங்காளி வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு ஆச்சி கோட்டையூர் வந்தார். முத்தழகு வேகவேகமாகக் கார் நிற்கும் இடத்துக்கு வந்து, நாளைக் காலையில் குன்றக்குடிக்குப் போகக் காரோடு வரச் சொன்னார்கள் என்றாள். அன்று கார்த்திகைகூட இல்லை.

ஆச்சி மெலிந்திருந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். ஏறும்போது இவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஊர் முடிந்தது, கோவிலூர் முடிந்தது. பின்னால் உதடு அசையவில்லை. பொன்னழகு காரை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ரிப்பேரா என்று முத்தழகு கேட்டாள். அவள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதிரே தோப்பில் இளநீர் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று தானே இறங்கிப் போனாள். விவரமானவள்.

பொன்னழகு சீட்டில் திரும்பி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் காருக்குள் கண்ணாடி வழியாக இல்லாமல் அந்த முகத்தை அவர் நேராகப் பார்த்தது அன்றுதானாம்.

"அன்னைக்கு நீங்க கேட்டது என் காதுல விழுகல ஆச்சி. டீசல் போட்ட நாளுல இருந்து நீங்க பேசுனது ஒண்ணுமே விழுகல. விழுந்திருந்தா இருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்."

ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்து மறுபடி போட்டுக்கொள்ள ரொம்ப நேரம் ஆயிற்று.

"விழுகலன்னு எனக்குத் தெரியும், பொன்னழகு. மொத நாளே தெரியும்" என்றார். "அன்னைக்காவது, என்ன ஆச்சி கேட்டீகன்னு ஒரு வார்த்த கேப்பன்னு பாத்தேன். குன்றக்குடி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன்."

முத்தழகு இளநீரோடு வந்து ஏறினாள். நடை சாத்திவிடுவார்கள், வண்டியை எடு என்றார் ஆச்சி. பொன்னழகு முன்பக்கம் திரும்பி எஞ்சினைக் கிளப்பினார்.